தீக்குருவியும் திருட்டுக்குருவியும்: மலைநாட்டுச் செம்பறவைகளின் பெயர்கள்

நானுஓயாவிலிருந்து நுவரெலியா வரையிலும், அட்டனிலிருந்து மஸ்கெலியா வரையிலும் பரந்து கிடக்கும் தேயிலை மலைகளில் கண்ணுக்கு எட்டிய மட்டும் பச்சை நிறமே ஆட்சி செலுத்துகின்றது. நிரை நிரையாகக் கவ்வாத்துச் செய்து நிறுத்திய செடிகளின் பச்சை, நிழல் மரங்களின் பச்சை, மலையுச்சியில் எஞ்சி நிற்கும் காட்டுத் துண்டுகளின் கரும்பச்சை. இத்தனை பசுமைக்கு நடுவே ஒரு கையளவு சிவப்புச் சிறகடித்துப் பறந்தால், கொழுந்தெடுக்கும் கை ஒரு கணம் நின்று விடுகின்றது. பள்ளிக்கூடம் செல்லும் பிள்ளை அண்ணாந்து பார்க்கின்றது. பார்த்தபின் எழும் வினா எப்போதும் ஒன்றுதான்: “அது என்ன குருவி?”

இவ்வினாவுக்கு விடை கூறுவது எளிதன்று. எந்தப் பறவைக்கும் நூலில் ஒரு பெயர், ஊரில் ஒரு பெயர், அடுத்த ஊரில் மற்றொரு பெயர் என்பது உலக வழக்கம். மலைநாட்டிலோ சிக்கல் இன்னும் பெரிது. அடிவாரத்துச் சிங்களக் கிராமத்தார், தமிழகத்திலிருந்து வந்து குடியேறிய தோட்டத் தமிழர், கோட்டைக்குள் இருந்து ஆண்ட ஒல்லாந்தர், பங்களாவில் இருந்து ஆண்ட ஆங்கிலேயர் ஆகிய அனைவரும் இப்பறவைகளைக் கண்டனர். அவரவர் தத்தம் மொழியிலிருந்து ஒரு பெயரை எடுத்து வைத்தனர். அப்பெயர்களிற் சிலவற்றை இன்று வாசகர்களுடன் சேர்ந்து ஆராய்ந்து பார்க்க விரும்புகின்றோம்.

சிவப்பு என்பது எது?

முதலில் சொல்லைக் கவனிப்போம். தமிழில் ‘செம்மை’ என்பது மிக விரிந்த பொருளுடையது. குங்குமத்தின் நிறமும் செம்மை. தாமிரத்துக்குப் பெயர் செம்பு. கபில நிறக் காளை செவலை. பழுப்பு நிற ஆடு செம்மறி. மாற்றுக் குறையாத பொன் செம்பொன். ஆகவே ‘செம்’ என்று தொடங்கும் பறவைப் பெயரைக் கேட்டவுடன் இரத்தச் சிவப்பை எதிர்பார்த்தல் ஆகாது. செம்போத்தின் இறக்கை செங்கல் நிறம். செம்பருந்தின் முதுகு காய்ச்சிய பாகின் நிறம். ஆங்கிலேயரும் இவ்விஷயத்தில் நம்மவரைப் போன்றவரே. அவர்கள் நாட்டு ரொபின் பறவையின் மார்பு உண்மையில் தோடம்பழ நிறமுடையது. ஆயினும் அந்நிறத்துக்குத் தனிச்சொல் ஆங்கிலத்தில் வழக்கிற்கு வருமுன்னரே பறவைக்குச் ‘செம்மார்பன்’ என்று பெயரிட்டு விட்டனர். அப்பெயர் இன்றும் நிலைத்திருக்கின்றது.

கோப்பிப் பயிர் தொடங்கிய 1820களிலிருந்து திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டை, சேலம், இராமநாதபுரம், திருநெல்வேலி முதலிய மாவட்டங்களிலிருந்து நம் முன்னோர் தோணியேறி மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டு வழியாக மாத்தளைக்கு நடந்து வந்த வரலாறு யாவரும் அறிந்ததே. வழியில் மாண்டவர் பலர். பிழைத்து வந்தவர்கள் கையிற் கொணர்ந்த பொருள் சொற்பம். சொற்களையோ குறைவின்றிக் கொணர்ந்தனர். ஆள்காட்டி, மரங்கொத்தி, கொண்டைக்குருவி, செம்போத்து என்னும் பெயர்களெல்லாம் இவ்வாறு கால்நடையாக மலையேறி வந்தவையே. அதிர்ஷ்டவசமாக அப்பெயர்களுக்குரிய பறவைகள் இங்கே முன்னரே காத்திருந்தன. ஊரில் வேலியோரம் நடந்து திரிந்த செம்போத்து, இங்கே தேயிலைச் செடிக்கு இடையே நடந்து திரிந்தது. அந்நிய மண்ணில் ஓர் அறிமுகமான முகத்தைக் கண்டாற்போல அவர்களுக்கு இருந்திருக்கும் என்று நாம் எண்ணுகின்றோம்.

இச்செம்போத்தை யாழ்ப்பாணத்தார் ‘செண்பகம்’ என்பர். சிங்களவர் ‘எட்டிகுக்குளா’ என்பர். குக்குளா என்றால் சேவல். ஆங்கிலத் துரைமார் அதனைக் காகமென்றும் பெசன்ட் கோழியென்றும் இரண்டையும் ஒட்டிவைத்து ஒரு பெயர் சொன்னார்கள். உண்மையில் அது காகமுமன்று, கோழியுமன்று, குயிலினத்தைச் சேர்ந்தது. ஆனால் குயிலைப்போல் பிறர் கூட்டில் முட்டையிடாமல் தன் கூட்டைத் தானே கட்டிக் குடும்பம் நடத்தும் மானமுள்ள பறவை. அதன் குஞ்சினுடைய காலில் ஊறு நேர்ந்தால் தாய்ப்பறவை எங்கிருந்தோ ஓர் அரிய மூலிகையைக் கொணர்ந்து குணப்படுத்துமென்றும், அக்கூட்டின் குச்சிகளை ஆற்றில் விட்டால் மூலிகைக் குச்சி மாத்திரம் நீரோட்டத்தை எதிர்த்துச் செல்லுமென்றும் ஒரு கதை தமிழரிடையேயும் சிங்களவரிடையேயும் வழங்குகின்றது. மாணவர்கள் இதனைச் சோதித்துப் பார்க்கப் புறப்பட வேண்டாம்!

செம்பருந்தின் கதை வேறு. கருடன் என்று நாம் கையெடுத்துக் கும்பிடும் இப்பறவை பெரும்பாலும் கடற்கரையையும் குளங்களையும் சார்ந்து வாழ்வது. உயர்ந்த மலைத் தோட்டங்களில் அதனைக் காண்பது அரிது. எனினும் தோட்டத்து மாரியம்மன் கோயிலிலோ முருகன் கோயிலிலோ கும்பாபிஷேகம் நிகழும் வேளையில் கூட்டம் முழுவதும் வானத்தையே நோக்கி நிற்பதைக் காணலாம். சமவெளியில் உண்டான நம்பிக்கை மலைக்கு வந்தும் மாறவில்லை.

தீ என்று பெயரிட்டோர்

இனி உண்மையிலேயே செக்கச் சிவந்த பறவைகளிடம் வருவோம். இவற்றைக் கண்ட மனிதர், எம்மொழியினராயினும், ஒரே பொருளை நினைந்தமை வியப்புக்குரியது. அப்பொருள் நெருப்பு.

தென்னிந்திய மலைக்காடுகளிலும் இலங்கையின் ஈரக் காடுகளிலும் வாழும் ஒரு பறவைக்குத் தமிழில் ‘தீக்காக்கை’ என்று பெயர். மலையாளத்திலும் அதே பெயர்தான். கரிய தலை, மார்புக்குக் குறுக்கே ஒரு வெள்ளைக் கோடு, அதன் கீழே கனன்று எரியும் செந்நிற வயிறு. இவ்வளவும் ஆணுக்குரிய அலங்காரம். பெண்ணின் வயிறு மங்கிய மஞ்சட் பழுப்பு. காக்கைக்கும் இதற்கும் எவ்வித உறவுமில்லை. இதன் குணத்தில் ஒரு விநோதம் உண்டு. ஆளைக் கண்டால் சட்டென்று பறந்து ஓடாது; கிளையில் அசையாமல் அமர்ந்து முதுகைத் திருப்பிக்கொள்ளும். முதுகு உலர்ந்த இலையின் நிறமாதலால், நெருப்பு அணைந்தாற்போல் பறவை மறைந்து விடும். கண்ணெதிரே இருந்ததைக் காணவில்லையே என்று நாம் திகைத்து நிற்போம்.

நிழல் மரங்களின் உச்சியில் நாம் அடிக்கடி காணக்கூடிய செம்பறவை இதனினும் சிறியது. தலையும் முதுகும் கருமை, மற்றவை செந்தழல். ஐந்தாறு சேர்ந்து ஒரு மரத்திலிருந்து மற்றொரு மரத்துக்கு ஒன்றன்பின் ஒன்றாகப் பாய்ந்து செல்லும்போது எரியும் சுள்ளிகளை எவரோ வீசியெறிவது போலிருக்கும். இலைகளிலுள்ள புழுக்களையும் பூச்சிகளையும் பொறுக்கித் தின்பதே இவற்றின் தொழில். சிலந்தி நூலாலும் மரப்பாசியாலும் பொதிந்து, கிளையின் கணுவைப் போல் தோன்றும்படி ஒரு சிறு கிண்ணக் கூட்டைக் கட்டும். இதனை இன்றைய தமிழ்ப் பறவை நூல்கள் ‘மின்சிட்டு’ என்று குறிக்கின்றன. ஆங்கிலத்தில் ‘மினிவெட்’ என்பர்; அச்சொல் எங்கிருந்து வந்ததென்று ஆங்கில அகராதிக்காரரே கண்டு சொல்லவில்லை. தமிழ்ப்பெயரோ ஓசையில் அதனை ஒத்து, பொருளில் மின்னலைக் காட்டி நிற்கின்றது. புதிதாக ஆக்கிய பறவைப் பெயர்களுள் இத்துணைப் பொருத்தமானவை சிலவே என்பது நம் கருத்து.

சிங்களத்தில் இத்தகைய செந்நிறக் குருவிகளுக்குக் ‘கினி குருல்லா’ என்னும் பெயர் வழங்குகின்றது. கினி என்றால் நெருப்பு. மேனாட்டு விஞ்ஞானிகள் மின்சிட்டுக்கு இட்ட இலத்தீன் பெயரில் உள்ள ‘பிளம்மியஸ்’ என்ற சொல்லுக்கும் தழல் நிறத்தது என்பதே பொருள். ஒருவரையொருவர் கலந்து பேசாத மூன்று இனத்தார் மூன்று மொழியில் ஒன்றையே கூறியிருக்கின்றனர்.

இங்கே ஒரு நுட்பமும் உண்டு. மின்சிட்டின் பெண்ணிடம் நெருப்பு நிறம் இல்லை. சாம்பல் நிற முதுகும் தூய மஞ்சள் வயிறுமே உண்டு. இரண்டும் சோடியாகத் திரிந்தாலும், சிவப்பு ஒரு சாதி, மஞ்சள் வேறொரு சாதி என்றே பார்ப்போர் எண்ணுவர். தோட்டத்தில் கேட்டால் ‘சிவப்புக் குருவி’, ‘மஞ்சக் குருவி’ என்ற பொதுப்பெயர்களே விடையாக வருகின்றன. மனைவிக்கு ஒரு பெயரும் கணவனுக்கு ஒரு பெயருமாகப் பிரிந்து நிற்கும் குடும்பம் இது.

செந்நிற முகமுடைய மற்றொரு பறவையையும் இவ்விடத்தில் குறிப்பிட வேண்டும். இலங்கையைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத ஒரு பெரிய குயிலினப் பறவை அது. சிங்களவர் அதனை ‘மல்கோஹா’ என்பர்; மல் என்றால் மலர், கோஹா என்றால் குயில். இச்சிங்களச் சொல் ஆங்கில நூல்களில் ஏறி, இன்று ஆசியா முழுவதிலுமுள்ள அவ்வினப் பறவைகளுக்கெல்லாம் பெயராகி விட்டது. 1752 முதல் 1757 வரை இலங்கையில் ஒல்லாந்த ஆளுநராயிருந்த லோட்டன் என்பவர் டி பெவரே என்னும் ஓவியரைக்கொண்டு நம் நாட்டுப் பறவைகளை வரைவித்தார். அவ்வோவியங்கள் ஐரோப்பாவுக்குச் சென்றன. அவற்றைப் பயன்படுத்திப் பென்னன்ட் என்னும் ஆங்கில அறிஞர் 1769-இல் வெளியிட்ட நூலில்தான் தீக்காக்கையும் செம்முக மல்கோஹாவும் முதன்முதல் விஞ்ஞான உலகில் பெயர் பெற்றன. மல்கோஹாவுக்கு அவர் இட்ட பெயருக்குப் பொருள் ‘நெருப்புத் தலை’. அங்கும் நெருப்பு!

ஆனால் தோட்டத் தமிழரிடம் மல்கோஹாவுக்கு ஒரு பெயரைத் தேடுவது வீண். அடர்ந்த காட்டின் உச்சிக்கிளைகளை விட்டு இறங்காத பறவை அது. கோப்பிக்காகவும் பின்னர்த் தேயிலைக்காகவும் காடு வெட்டப்பட்டபோது அதுவும் பின்வாங்கிச் சிங்கராஜம் போன்ற பெருங்காடுகளில் ஒதுங்கிவிட்டது. காணாத பறவைக்குப் பெயரிடுவோர் யார்?

திருடர் குலம்

நெருப்புக்கு அடுத்தபடியாகச் செம்பறவைகளுக்கு மக்கள் சூட்டிய பட்டம் திருடன். இதில் சிங்கள நாட்டுக் கதைகள் மிகச் சுவையானவை.

நீண்ட வாலையுடைய ஒரு பறவை உண்டு. உடல் ஒரு சாண்கூட இராது. ஆனால் ஆண் பறவையின் வாலில் இரண்டு இறகுகள் நாடாவைப் போல் உடலைக் காட்டிலும் நீண்டு அலைந்து கொண்டிருக்கும். தலை மின்னும் கருமை. உடல் சிலவற்றில் செம்பழுப்பு, சிலவற்றில் பால் வெண்மை. செந்நிறமுள்ளதைச் சிங்களவர் ‘கினி ஹொரா’ என்றனர். நெருப்புத் திருடன் என்பது பொருள். வெண்ணிறமுள்ளதை ‘ரெதி ஹொரா’ என்றனர். துணித் திருடன் என்பது பொருள். ‘சிவுரு ஹொரா’ என்பது மற்றொரு பெயர். சிவுரு என்பது புத்த பிக்குவின் காவியுடை. முற்பிறப்பில் துணி திருடிய ஒருவன் இப்பிறப்பில் பறவையாகித் தான் திருடிய துணியைப் பின்னால் இழுத்துக்கொண்டே பறக்கின்றானாம். கிளைகளுக்கிடையே அவ்வால் வளைந்து நெளிந்து செல்வதைக் கண்டவர்கள் இக்கற்பனையின் அழகை உணர்வார்கள்.

நெருப்புத் திருடனும் துணித் திருடனும் வெவ்வேறு ஆட்களா? பறவை நூலார் கூறும் விடை கதையினும் விசித்திரமானது. இரண்டும் ஒரே இனம். இலங்கையிலேயே தங்கி வாழும் கிளையினத்தின் ஆண் எவ்வளவு வயதானாலும் செந்நிறமாகவே இருக்கும். இந்தியாவிலிருந்து குளிர்காலத்தில் கடல் கடந்து வரும் கிளையினத்தின் ஆணோ இளமையில் சிவந்திருந்து, சில ஆண்டுகள் சென்றபின் வெண்மையாக மாறும். ஆகவே வெள்ளையுடுத்த திருடன் நிச்சயமாக இந்தியாவிலிருந்து வந்தவன். சிவப்புடுத்தவன் உள்ளூரானாகவும் இருக்கலாம், வந்தவனின் இளமைக்கோலமாகவும் இருக்கலாம். வந்தவன் யார், உள்ளவன் யார் என்று நிறத்தைக் கொண்டு மாத்திரம் தீர்ப்புக் கூற முடியாது.

இதே காவியுடைக் கற்பனையை அமெரிக்காவில் தலைகீழாகக் காண்கின்றோம். அந்நாட்டில் உச்சிக்கொண்டை முதல் வால்வரை செக்கச் சிவந்த ஒரு பறவை உண்டு. ஊரார் அதனை வெறுமனே ‘செம்பறவை’ என்பர். நூற்பெயரோ ‘கார்டினல்’. கத்தோலிக்கத் திருச்சபையின் கார்டினல்மார் அணியும் செவ்வங்கியைப் போன்றிருப்பதால் வந்த பெயர். 7 மாநிலங்கள் அதனைத் தம் மாநிலப் பறவையாகக் கொண்டிருக்கின்றன. வீட்டு முற்றத்தில் அது வந்து அமர்ந்தால், இறந்துபோன அன்பர் ஒருவர் நம்மைக் காண வந்திருக்கிறார் என்று அங்குள்ளோர் ஆறுதல் கொள்வதுண்டு. துறவியின் ஆடையை ஒரு நாட்டுப் பறவை உரிமையோடு உடுத்திருக்கின்றது; மற்றொரு நாட்டுப் பறவை களவாடி உடுத்திருக்கின்றது!

திருட்டுப் பட்டம் பெற்ற இன்னொரு பறவையும் நம் மலைக்கு ஆண்டுதோறும் விருந்தாளியாக வருகின்றது. பச்சை முதுகு, நீலப் பட்டை, கண்ணுக்குக் குறுக்கே மைதீட்டிய கருங்கோடு, அடிவயிற்றில் குங்குமச் சிவப்பு. நவரத்தினங்களையும் அரைத்துப் பூசினாற்போன்ற நிறங்கள். இந்தியாவிலிருந்து புரட்டாசி, ஐப்பசியில் வந்து சித்திரைக்குள் திரும்பிவிடும். கடல் கடந்த களைப்பில் வீட்டுக்குள்ளேயே வந்து விழுந்து கிடப்பதும் உண்டு. சிங்களத்தில் இதற்கு ‘அவிச்சியா’ என்று பெயர். அதன் குரலே அப்பெயர். தன் அழகிய உடையை மயில் திருடிக்கொண்டு போய்விட்டது என்று அது புலம்பித் திரிவதாகச் சிங்களக் கதை கூறும். அங்கே பறிகொடுத்தவன். தமிழகத்திலோ உதிர்ந்த சருகுகளுக்கிடையே பதுங்கித் திரிவதனால் ‘தோட்டக்கள்ளன்’ என்ற பெயர் அதற்கு உண்டு. பறிகொடுத்தவனே கள்ளனானான்!

எனினும் இப்பறவையின் தமிழ்ப் பெயர்களுள் நாம் மிக விரும்புவது ‘ஆறுமணிக் குருவி’ என்பதே. விடியற்காலையிலும் அந்தி வேளையிலும் ஏறத்தாழ ஆறு மணிக்கு அது குரல் கொடுக்கும். கடிகாரம் இல்லாத ஏழை வீட்டில் பிறந்த பெயர் என்று கேட்டவுடன் தெரிகின்றது. அக்காலத்தில் விடியுமுன் தப்பு முழக்கி லயத்து மக்களை எழுப்பிப் பெரட்டுக்களத்தில் நிறுத்துவார்கள். தப்பு முழங்கிய பின்னர்க் குருவி கூவியதா, குருவி கூவிய பின்னர்த் தப்பு முழங்கியதா என்பதை மழையும் பனியும் நிறைந்த அம்மலையில் நின்றவர்களே அறிவார்கள்.

தச்சனும் சேவலும்

மரங்கொத்தியைத் ‘தச்சன் குருவி’ என்பதும் தமிழில் உண்டு. ஸ்பானிய மொழியிலும் அதற்குத் தச்சன் பறவை என்றே பெயர். யாழ்ப்பாணத்திலிருந்து மலைநாட்டுக்கு வரும் மாணவர் எவரேனும் இப்பறவையைக் கண்டால் ஓர் ஐயங்கொள்வர். ஊரிலே பனை மரத்திலும் தென்னையிலும் அவர் கண்ட தச்சனின் முதுகு பொன் மஞ்சள். இங்கே கண்டதன் முதுகோ இரத்தச் சிவப்பு. வடக்கே பொன்முதுகு மரங்கொத்தியும், தெற்கிலும் மலையிலும் இலங்கைக்கே உரிய செம்முதுகு மரங்கொத்தியும் வாழ்கின்றன. இரண்டும் சந்திக்கும் இடைப்பிரதேசத்தில் ஒன்றோடொன்று கலந்து, மஞ்சளும் சிவப்பும் விரவிய முதுகுடன் பறவைகள் திரிகின்றன. எல்லைக்கோடு மனிதர் வரைந்த படத்தில் இருக்கின்றதேயன்றிப் பறவையின் முதுகில் இல்லை. காடுகளில் இதனினும் பெரிய செம்முதுகு மரங்கொத்தி வேறொன்றும் உண்டு. அதுவும் இத்தீவுக்கே உரியது. ஆங்கிலத்தில் இவையனைத்தையும் ‘தீமுதுகு’ என்னும் பொருள்படவே அழைக்கின்றனர்.

சேவலைப்பற்றிச் சொல்லாமல் விட்டால் முருகனடியார்கள் நம்மை மன்னிக்க மாட்டார்கள். காட்டுச்சேவல் இலங்கையின் தேசியப் பறவை. தோட்டத்து எல்லையிலுள்ள காட்டோரங்களில் அதிகாலையில் அது இரைதேடி நிற்கும் காட்சி கண்கொள்ளாதது. உடல் தணல் நிறம். கொண்டையோ சிவப்பு, அதன் நடுவே மாத்திரம் ஒரு மஞ்சட் திட்டு. அந்த மஞ்சட் திட்டு இந்தியக் காட்டுச்சேவல் எதற்கும் இல்லை. விஞ்ஞானப் பெயரில் இதற்கு வாய்த்தது 1831-இல் ஒரு பிரெஞ்சுக்காரர் தம் நாட்டுத் தளபதி லபாயெத் என்பவரின் நினைவாக இட்ட பெயர். அத்தளபதிக்கும் நம் ஹோட்டன் சமவெளிக்கும் என்ன தொடர்போ!

நமக்கோ சேவல் என்றால் வேலவன் கொடி. சூரபன்மன் பிளவுண்டு சேவலும் மயிலுமான கதையைக் கந்தபுராணம் சொல்லும். கோயிலில் புராணம் படிக்கக் கேட்ட தோட்டத்துப் பிள்ளைகள் அனைவரும் அதனை அறிவர். முருகன் குறிஞ்சி நிலத் தெய்வம். குறிஞ்சி மலரும் இம்மலையில் உண்டென்பதைப் பலர் அறியார். சிங்களவர் ‘நெலு’ என்று கூறும் செடிகள், நீலகிரியின் நீலக்குறிஞ்சியுடைய அதே பேரினத்தைச் சேர்ந்தவை. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறையளவில் அவை மலையெங்கும் ஒருசேரப் பூக்கும்; ஹோட்டன் சமவெளியில் 2013-இல் பூத்தபோது காண்பதற்குச் சென்றோர் பலர். பூத்து முடிந்து விதை உதிரும் காலத்தில் காட்டுக்கோழிகள் அவ்விதையைத் தின்னத் திரண்டு மலையேறும் என்றும், அளவுக்கு மிஞ்சித் தின்றவை மயங்கித் திரியும் என்றும் பழைய வேட்டைக்காரர்கள் எழுதியிருக்கின்றனர். குறிஞ்சி பூத்த மலையில் செஞ்சேவல் திரள்வதை, தமிழ் நூலறிந்த ஒருவர் அருகில் நின்று கண்டிருந்தால் என்ன பெயரிட்டிருப்பார் என்று எண்ணிப் பார்க்கின்றோம்.

ஏட்டில் ஏறிய பெயரும் ஏறாத பெயரும்

இதுவரை நாம் கூறிய பெயர்களுள் பல இன்று நமக்குத் தெரியக் காரணம், எவரோ ஒருவர் கேட்டு எழுதி வைத்தமையே. 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வடபகுதியில் அலுவல் பார்த்த லேயார்ட் என்பவர் யாழ்ப்பாணத் தமிழரின் பறவைப் பெயர்களைக் குறித்து வைத்தார். 1880-இல் முற்றுப்பெற்ற லெக் என்பவரின் பெருநூலில் சிங்களப் பெயர்களும் தமிழ்ப் பெயர்களும் இடம்பெற்றன. 1955-இல் நூல் வெளியிட்ட ஹென்றி என்பவரோ இலங்கைத் தேயிலைத் தோட்டமொன்றிலேயே பிறந்தவர். பிளை என்னும் கோப்பித் துரையின் பெயர் 1872-இல் மலைநாட்டு நீலச் சீட்டிப் பறவையொன்றுக்குச் சூட்டப்பட்டு இன்றும் நிற்கின்றது. துரைமார் தம் நாட்டு ஏக்கத்தால், வாலடியில் சிறிது செம்மை தெரிந்த நம் கரிய குருவியையும் ‘ரொபின்’ என்றே அழைத்தனர். அந்த ஏக்கமும் நூலில் ஏறிவிட்டது. ஆனால் துரையின் பின்னால் துப்பாக்கியைச் சுமந்து சென்ற தோட்டத்து மனிதர் அப்பறவைக்கு என்ன பெயர் சொன்னார் என்பது அந்நூல்களில் பெரும்பாலும் இடம்பெறவில்லை. அவருக்கும் புதுக்கோட்டையோ சேலமோ நினைவில் இருந்திருக்கும் அன்றோ?

எழுதாத பெயர் சொல்லும் வாயுடன் போய்விடும். மலைநாட்டில் அவ்வாய்களே கடல் கடந்து போயின. 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தால் குடியுரிமை இழந்த மக்களைப் பங்கிட்டுக்கொள்வதற்கு 1964 அக்டோபரில் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 இலட்சம் பேர் இலங்கைக்கு, மிகுதி பின்னர்ப் பார்த்துக்கொள்வது என்று கணக்கிட்டனர். முழுத்தொகையும் போய்ச் சேரவில்லையாயினும் இலட்சக்கணக்கானோர் சென்றனர். அட்டன் முதலிய நிலையங்களிலிருந்து அவர்களை ஏற்றிச் சென்ற புகைவண்டிக்கு மக்களே ஒரு பெயர் வைத்தனர்: ‘அழுகைக் கோச்சி’. பாட்டி ஒரு கரையிலும் பேரப்பிள்ளை மறு கரையிலுமாகக் குடும்பங்கள் பிரிந்தன. குருவிக்குப் பெயர் சொல்லிக் கொடுப்பவர் பெரும்பாலும் பாட்டிதான்.

சென்றவர்களில் பெருந்தொகையினர் நீலகிரியில் குடியமர்ந்தனர். அவர்களுக்கு வேலை கொடுப்பதற்காகத் தமிழக அரசு 1968-இல் தொடங்கிய தேயிலைத் தோட்டங்கள் கோத்தகிரி, குன்னூர், கூடலூர், பந்தலூர், சேரம்பாடிப் பகுதிகளில் உள்ளன. இவ்விடத்தில் பறவை நூல் நமக்கு ஓர் அரிய செய்தியைத் தருகின்றது. நாம் மேலே கூறிய மின்சிட்டு, உலகில் இரண்டே இடங்களில் வாழ்வது. ஒன்று இலங்கை, மற்றொன்று நீலகிரியை உள்ளிட்ட மேற்குத் தொடர்ச்சி மலை. தீக்காக்கையும் இரு பக்கத்தும் உண்டு. அட்டனில் பிறந்து கூடலூரில் வாழ்க்கைப்பட்ட பெண், தேயிலையையும் பனியையும் போலவே அதே செங்குருவியையும் அங்கே கண்டிருப்பாள்.

இரு மலைகளுக்கும் பொதுவான மற்றொரு குருவியும் உண்டு. காஷ்மீரத்தில் கூடு கட்டும் ஒரு சின்னஞ்சிறு ஈப்பிடிப்பான், குளிர்காலத்தைக் கழிப்பதற்கு இந்தியா முழுவதையும் கடந்து நீலகிரிப் பக்கமும் இலங்கை மலைக்கும் வருகின்றது. ஆணின் தொண்டையும் மார்பும் செந்நிறம். அதன் இருமருங்கும் கருமை வரம்பு. உலகில் இதன் தொகை மிகக் குறைவு. 1897-இல் விக்டோரியா மகாராணியின் வைரவிழாவை ஒட்டிப் பெயர் பெற்ற நுவரெலியா விக்டோரியாப் பூங்காவில், ஐப்பசி தொடங்கிப் பங்குனி வரையில், இக்குருவியைக் காண்பதற்கென்றே வெளிநாட்டார் தொலைநோக்கியுடன் வந்து காத்திருக்கின்றனர். பூங்காவின் வேலிக்கு அப்பால் நடந்து செல்லும் நம் பிள்ளைகள் அதனை அறியார். நூலில் உள்ள ‘காஷ்மீர் ஈப்பிடிப்பான்’ என்பது மொழிபெயர்ப்புப் பெயர். அத்துணை தூரம் வரும் விருந்தாளிக்கு ‘ஆறுமணிக் குருவி’ போன்ற ஒரு வீட்டுப்பெயர் இன்னும் வாய்க்கவில்லை.

ஆகவே வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் தோட்டத்தில், நிழல்மரத்து உச்சியில் பாயும் அந்தச் செங்குருவிக்கு வீட்டுப் பெரியவர்கள் என்ன பெயர் சொல்கின்றார்கள்? அதன் மஞ்சள் நிறத் துணைக்கு வேறு பெயர் உண்டா? சருகில் துள்ளும் அடிவயிறு சிவந்த குருவியை என்னவென்று அழைக்கின்றார்கள்? கேட்டு, தோட்டத்தின் பெயரையும் சொன்னவரின் வயதையும் சேர்த்து எழுதி அனுப்புங்கள். கோத்தகிரியிலோ கூடலூரிலோ உறவினர் இருப்பவர்கள், அடுத்த முறை தொலைபேசியில் நலம் விசாரிக்கும்போது அங்குள்ள பாட்டியிடமும் இதே கேள்வியைக் கேட்டுப் பாருங்கள்.